கணக்கில் வராத கடி

கட்டுவிரியன் கடித்தால் பெரும்பாலும் வலிப்பதில்லை. மழைக்காலத்து இரவில் இரை தேடி வீட்டுக்குள் நுழையும் அந்தப் பாம்பு, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவர் புரண்டு படுக்கும்போது தன்மேல் கையோ காலோ பட்டால் கடித்துவிட்டுப் போய்விடும். பல் பதிந்த தடம் கண்ணுக்குத் தெரிவதே அரிது. வீக்கமும் இருக்காது. சில மணி நேரம் கழித்து வயிற்றைப் பிசைந்துகொண்டு வலி வரும். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் சோடா வாங்கிக் கொடுப்பார்கள், இல்லையென்றால் கஷாயம் வைப்பார்கள். பிறகு கண் இமை சரியும், பேச்சு குழறும், எச்சிலை விழுங்க முடியாமல் போகும். பாம்பின் நஞ்சு நரம்பின் முனையைச் சிதைத்துவிடுவதால் மூளை இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேருவதில்லை. கடைசியில் மூச்சை இழுக்கும் தசைகளும் நின்றுவிடும்.

விடிவதற்குள் உயிர் போய்விட்டால், “ராத்திரி நல்லாத்தான் சாப்பிட்டுப் படுத்தாரு, காலையில எழுந்திருக்கல” என்பார்கள். மாரடைப்பு என்று ஊர் முடிவு கட்டிவிடும். பாம்பை யாரும் பார்க்கவில்லை, கடிபட்டவருக்கே தெரியவில்லை. அப்படியிருக்க, பாம்புக்கடி என்ற சொல் எந்தக் காகிதத்தில் ஏறும்?

பொது சுகாதாரம் என்னும் துறை எண்களால் இயங்குவது. எத்தனை பேருக்கு நோய், எங்கே, எந்த மாதத்தில், யார் இறந்தார்கள் என்ற கணக்கை வைத்துத்தான் மருந்து போகிறது, ஆள் போகிறது, பணம் போகிறது. நகரத்து நோய் மருத்துவமனையில் பதிவாகிவிடும். வயலிலும் வரப்பிலும் குடிசைத் தரையிலும் நிகழும் சாவு எப்படி எண்ணாகிறது, எங்கே நழுவுகிறது என்பதைப் பார்க்கப் பாம்புக்கடியைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

ஒரு சாவு காகிதத்துக்கு வரும் வழி

1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, ஒரு சாவை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். கிராமத்தில் வீட்டில் நடந்த சாவு என்றால், குடும்பத்தார் கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) போய்ச் சொல்வார்கள். வாரிசுச் சான்றிதழுக்கும் பட்டா மாற்றத்துக்கும் இறப்புச் சான்றிதழ் வேண்டும் என்பதால் பெரும்பாலான சாவுகள் எப்படியோ பதிவாகிவிடுகின்றன. பெயர், வயது, தேதி, இடம் ஆகிய நான்கும் சரியாக இருக்கும். காரணம் என்ற கட்டத்தில்தான் சிக்கல். வி.ஏ.ஓ. மருத்துவர் அல்ல. குடும்பத்தார் ‘நெஞ்சுவலி’ என்றால் நெஞ்சுவலி, ‘வயசாயிடுச்சு’ என்றால் முதுமை.

மருத்துவர் கையெழுத்திட்ட காரணத்தோடு பதிவாகும் சாவுகள் இந்தியாவில் குறைவு. 2020இல் பதிவான சாவுகளில் 22.5 விழுக்காட்டுக்குத்தான் அப்படி ஒரு சான்று இருந்தது. மீதி எல்லாம் வாய்வார்த்தை.

மருத்துவமனையில் இறந்தால் மட்டும் காரணம் துல்லியமாகிவிடுமா? கண்ணாடி விரியன் கடித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். அதன் நஞ்சு இரத்தம் உறைவதற்கான காரணிகளைத் தாறுமாறாகத் தூண்டிவிட்டு, உடலில் உள்ள உறைபொருள் முழுவதையும் தீர்த்துவிடுகிறது. அதன்பின் இரத்தம் உறையாது. ஈறிலும் சிறுநீரிலும் கசியும். இதிலிருந்து தப்பிப் பிழைத்தவருக்குச் சிறுநீரகம் பழுதாகலாம். இரண்டு மூன்று வாரம் டயாலிசிஸ் செய்தும் பலனின்றி அவர் இறக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இறப்புக் காரணச் சான்றிதழில் முதலில் உடனடிக் காரணம், அதன் கீழ் அதற்கு முந்தைய காரணம், அதற்கும் கீழ் எல்லாவற்றுக்கும் தொடக்கமாக அமைந்த காரணம் என்று படிப்படியாக வரிகள் உண்டு. புள்ளிவிவரத்தில் எண்ணப்படுவது அந்தத் தொடக்கக் காரணம்தான். ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்று எழுதிவிட்டு, கீழ் வரியில் ‘கண்ணாடி விரியன் கடி’ என்று எழுதாமல் விட்டால் அந்தச் சாவு சிறுநீரக நோய்க் கணக்கில் போய்ச் சேரும். ‘இதயமும் சுவாசமும் நின்றன’ என்று மட்டும் எழுதினால் எந்தக் கணக்கிலும் உருப்படியாகச் சேராது, ஏனென்றால் எல்லாச் சாவிலும் அவை நிற்கத்தான் செய்யும். உலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் நச்சுப் பாம்போடு நேர்ந்த தொடர்புக்கு எக்ஸ்20 என்று ஒரு குறியீடு இருக்கிறது. ஒரு வரி எழுதப்படாததால் அந்தக் குறியீடு வெறுமையாகிவிடும்.

போலீஸ் ஒரு பக்கம். விலங்கால் நேர்ந்த சாவு என்றால் விசாரணை வேண்டும் என்கிறது சட்டம். அதாவது எஃப்.ஐ.ஆர்., போஸ்ட்மார்ட்டம், உடலுக்காக அரசு மருத்துவமனை வாசலில் ஒருநாள் காத்திருப்பு. ‘செத்தவரை அறுக்க வேண்டாம்’ என்று நினைக்கும் குடும்பம், பாம்பு கடித்தது தெரிந்தாலும் வெளியில் சொல்லாமல் எரித்துவிடலாம், புதைத்துவிடலாம். சட்டம் கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியே சிலரை வாய்மூட வைக்கிறது.

முப்பது மடங்கு

இந்தியாவில் பாம்புக்கடிச் சாவுகளை எண்ணும் முயற்சி புதிதல்ல. ஆங்கிலேய மருத்துவர் ஜோசப் ஃபேய்ரர் 1869ஆம் ஆண்டுக்கான கணக்கைத் திரட்டியபோது, நாட்டின் ஏறக்குறைய பாதிப் பகுதியிலிருந்து மட்டும் 11,416 சாவுகள் வந்தன. மருத்துவமனைகள் பெருகிய பிறகு கணக்கு அவற்றின் பதிவேடுகளிலிருந்து வரத் தொடங்கியது. 2000களின் அரசு அறிக்கைகளில் ஆண்டுக்கு ஆயிரத்துச் சில்லறைச் சாவுகளே இடம்பெற்றன. அந்த எண்ணைப் பார்த்தவர்கள், பாம்புக்கடி ஒரு சில்லறைப் பிரச்சினை என்றுதான் நினைத்திருப்பார்கள்.

இதை உடைத்தது ‘பத்து லட்சம் இறப்பு ஆய்வு’. இந்தியப் பதிவாளர் நாயகமும் டொரான்டோவில் உள்ள பிரபாத் ஜாவின் குழுவும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வின் உத்தி எளிமையானது. மருத்துவமனையில் காத்திருக்காமல் சாவு நடந்த வீட்டுக்கே போனார்கள். நாடெங்கும் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 6,671 சிறு பகுதிகளில், 2001 முதல் 2003 வரை நிகழ்ந்த ஒவ்வொரு சாவைப் பற்றியும் களப்பணியாளர்கள் வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள். என்ன அறிகுறி முதலில் வந்தது, எத்தனை மணி நேரத்தில் இறந்தார், எங்கே இறந்தார் என்று கேட்டு, வீட்டார் சொன்னதை அவர்கள் சொன்ன விதத்திலேயே எழுதினார்கள். ஒவ்வொரு விவரத்தையும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியாகப் படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள். இதற்கு வாய்மொழி உடற்கூறாய்வு என்று பெயர்.

விசாரித்த சாவுகள் சுமார் 1,23,000. அவற்றில் 562 பாம்புக்கடி. பார்வைக்குச் சிறிய எண்தான், நூற்றில் அரைகூட இல்லை. ஆனால் 2005இல் இந்தியாவில் நிகழ்ந்த மொத்தச் சாவுகள் சுமார் 98 லட்சம். அதில் 0.47 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 46,000. 2011இல் வெளியான கட்டுரை ஆண்டுக்கு 45,900 என்று மதிப்பிட்டது. மருத்துவமனைக் கணக்கைப்போல் முப்பது மடங்குக்கும் மேல்.

வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்பதும் அதே ஆய்வில் இருந்தது. இறந்தவர்களில் 23 விழுக்காட்டினர்தான் மருத்துவமனையில் இறந்திருந்தார்கள். மற்றவர்கள் வீட்டிலும் வழியிலும் வயலிலும். 97 விழுக்காடு கிராமப்புறச் சாவுகள். மருத்துவமனைப் பதிவேடு பொய் சொல்லவில்லை. தன் வாசலுக்கு வந்தவர்களை மட்டும் எண்ணியது.

2020இல் வந்த அடுத்த கட்ட ஆய்வு, 2000 முதல் 2019 வரையான இருபது ஆண்டுகளில் 12 லட்சம் இந்தியர்கள் பாம்புக்கடியில் இறந்ததாக மதிப்பிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. இறந்தவர்களில் கால்வாசிக்கு மேல் 15 வயது நிரம்பாத பிள்ளைகள். பாதிச் சாவுகள் மழைக்காலத்தில். பீகார், உத்தரப் பிரதேசம், ஆந்திரம் உள்ளிட்ட எட்டு மாநிலப் பகுதிகளில் மட்டும் 70 விழுக்காடு. முன்பு ‘ஆயிரத்துச் சில்லறை’ என்று இருந்த இடத்தில், எந்த வயதினரை, எந்த மாதத்தில், எங்கே காப்பாற்ற வேண்டும் என்ற விவரம் வந்துவிட்டது.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை அறிமுகமானதுதான். 1990களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் 80,000 பெரியவர்களின் சாவுகளை இப்படி வீடு தேடி விசாரித்தார்கள். ‘காரணம் தெரியவில்லை’, ‘குறிப்பிடப்படவில்லை’ என்று பதிவாகியிருந்தவை கிராமப்பகுதியில் 41 விழுக்காட்டிலிருந்து 26 விழுக்காடாகக் குறைந்தன. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான புதிர்கள், வீட்டாரை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டதாலேயே விடுபட்டன. கேட்டும் விடுபடாதவை இருக்கின்றன. கட்டுவிரியன் கடித்ததே தெரியாத வீட்டில், எத்தனை முறை கேட்டாலும் பாம்பு என்ற சொல் வராது. ஆகவே 58,000 என்பதும் குறைத்து மதிப்பிட்ட எண்ணாகவே இருக்கக்கூடும்.

சட்டம் கேட்கும் கணக்கு

உலக சுகாதார நிறுவனம் 2017இல் பாம்புக்கடி நஞ்சேற்றத்தைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. 2024 மார்ச்சில் இந்திய அரசு, 2030க்குள் பாம்புக்கடிச் சாவுகளைப் பாதியாகக் குறைப்பதற்கான தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது. பாதியாகக் குறைக்க வேண்டுமென்றால் முழுமை எவ்வளவு என்று தெரிய வேண்டுமே! கர்நாடகம் 2024 பிப்ரவரியிலேயே பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒன்றாக அறிவித்திருந்தது. தமிழ்நாடு அதே ஆண்டு நவம்பரில் அறிவித்தது.

தமிழ்நாடு இதற்குக் கையில் எடுத்த சட்டம் 1939ஆம் ஆண்டுப் பொது சுகாதாரச் சட்டம். காலராவும் பெரியம்மையும் ஊர் ஊராகப் பரவிய காலத்தில் சென்னை மாகாணம் இயற்றியது. தொற்றுநோயைக் கண்ட மருத்துவர் அதைத் தனக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது, உடனே சுகாதார அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் ஆதார விதிகளில் ஒன்று. பாம்புக்கடி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. இருந்தாலும், ஒரு பகுதியில் திடீரென்று கடி கூடினால் அது அந்த வட்டாரம் முழுவதற்குமான செய்தி. எங்கே மருந்து தீரப்போகிறது என்ற முன்னறிவிப்பு. அதனால் எண்பத்தைந்து ஆண்டுப் பழைய சட்டம் இதற்கும் பொருந்திவிட்டது. இப்போது அரசு மருத்துவமனையோடு தனியார் மருத்துவமனையும் ஒவ்வொரு பாம்புக்கடியையும் தெரிவித்தாக வேண்டும்.

அந்த அறிவிப்பை ஒட்டி வெளியான மாநிலக் கணக்கு இது: 2022இல் 15,120 கடிகள், 17 சாவுகள். 2023இல் 19,795 கடிகள், 43 சாவுகள். இந்த எண்களை எப்படிப் படிப்பது?

ஒரே ஆண்டில் கடிகள் 31 விழுக்காடு கூடியிருக்கின்றன. பாம்புகள் அவ்வளவு பெருகிவிட்டனவா? இல்லை, தெரிவிக்கும் மருத்துவமனைகள் கூடினவா? எண் மட்டும் இதற்குப் பதில் சொல்லாது. அடுத்து, 2023இல் கடிபட்ட சுமார் 460 பேரில் ஒருவர் இறந்திருக்கிறார். சாரைப்பாம்பும் தண்ணீர்ப்பாம்பும் கடித்துவிட்டுப் போனதும், நச்சுப்பாம்பு நஞ்சைச் செலுத்தாமல் கடித்ததும் இந்த 19,795இல் சேர்ந்தே இருக்கும். எனவே விகிதம் தாழ்ந்து தெரிவதில் வியப்பில்லை. மூன்றாவது கேள்விதான் முக்கியம்: இந்த 43 பேரும் எங்கே இறந்தவர்கள்? மருத்துவமனை அனுப்பும் கணக்கில் மருத்துவமனையில் இறந்தவர்கள்தான் இருக்க முடியும். தேசிய அளவில் நான்கில் மூன்று சாவு வெளியில் நடக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், 43 என்பது விடை அல்ல, விடையின் ஒரு துண்டு.

இன்னொன்றும் நடக்கும். விதி ஒழுங்காக அமலானால், வரும் ஆண்டுகளில் பாம்புக்கடி எண்ணிக்கை ஏறும். ‘பாம்புக்கடி இரு மடங்கானது’ என்று தலைப்புச் செய்தி வரும். காசநோயில் இது ஏற்கெனவே நடந்திருக்கிறது. 2012இல் காசநோயாளிகளைத் தெரிவிப்பது கட்டாயமாக்கப்பட்டது. தனியார் மருத்துவர்களைச் சேர்க்கத் தொடர்ந்து முயன்றார்கள். 2017இல் சுமார் 18 லட்சமாக இருந்த பதிவு 2019இல் 24 லட்சத்தைத் தொட்டது. நோய் பெருகிவிடவில்லை. அதுவரை தனியார் மருத்துவமனைகளில் சத்தமில்லாமல் மருந்து வாங்கிக்கொண்டிருந்தவர்கள் கணக்குக்குள் வந்தார்கள். ஏறும் எண்ணைத் தோல்வியாகப் படித்து ஒரு மாவட்ட அதிகாரியை மேலிடம் கடிந்துகொண்டால், அடுத்த ஆண்டு அந்த மாவட்டத்தில் எண் குறைந்துவிடும். கடி குறைந்திருக்காது.

எண் போய்ச் சேரும் இடம்

எண் சரியாக வந்தால் அதனால் கிராமத்துக்கு என்ன லாபம்? முதல் லாபம் குப்பிகளில் தெரியும்.

இந்தியாவில் பாம்புக்கடிக்கு இருக்கும் விஷமுறிவு மருந்து, நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் பொதுவானது. குதிரைகளுக்குச் சிறிது சிறிதாக நஞ்சைச் செலுத்தி, அவற்றின் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளைப் பிரித்துத் தயாரிக்கிறார்கள். நான்குக்கும் ஒன்றே என்பதால் எந்தப் பாம்பு என்று தெரியாமலே சிகிச்சை தொடங்கலாம். பாம்பை அடித்துப் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்து வர வேண்டியதில்லை. கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நஞ்சு ஏறியதா என்று பார்க்கச் சிறு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் இரண்டு மில்லி இரத்தத்தை எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்க்கும்போது உறைந்திருந்தால் இப்போதைக்கு அந்த நஞ்சைப் பற்றிய அச்சமில்லை. மீண்டும் மீண்டும் பார்த்துக்கொள்ளலாம். தண்ணீராக ஓடினால் அந்த நஞ்சு வேலையைத் தொடங்கிவிட்டது, மருந்தை ஏற்ற வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் செய்தால் முடிவு தவறாகும், ஏனென்றால் உறைதலைத் தூண்டுவதே கண்ணாடியின் பரப்புதான்.

மருந்து ஏற்ற வேண்டுமென்றால் ஒரு நோயாளிக்கு ஆரம்பத்திலேயே எட்டு முதல் பத்துக் குப்பி தேவை. இருப்பில் இரண்டு குப்பி வைத்திருக்கும் நிலையத்தை ‘மருந்து உள்ள நிலையம்’ என்று பட்டியலில் காட்டலாம். நடைமுறையில் அது நோயாளியை அடுத்த ஊருக்கு அனுப்பும் நிலையம்தான். எந்த வட்டாரத்தில் ஐப்பசி கார்த்திகையில் எத்தனை கடி வரும் என்று முந்தைய ஆண்டுகளின் கணக்கு சொன்னால், புரட்டாசியிலேயே குப்பிகளை அனுப்பிவைக்கலாம். மின்சாரம் நிலையில்லாத மலைக்கிராமத்துக்கு, குளிர்பதனம் தேவைப்படாத தூள் வடிவ மருந்தை ஒதுக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் உள்ள ஒருவகைக் குழிவிரியனுக்கு இந்தப் பொது மருந்து வேலை செய்யாது. அங்கே எந்தப் பாம்பு எவ்வளவு கடிக்கிறது என்ற பதிவு இல்லாமல், புது மருந்து வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது.

குப்பிக்கும் முந்தைய கண்ணி செங்கல்பட்டு மாவட்டத்தின் வடநெம்மேலியில் இருக்கிறது. பாம்புத்தோல் வணிகம் சட்டப்படி தடையானபோது பிழைப்பிழந்த இருளர்கள், பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் துணையோடு 1978இல் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். பிடித்த பாம்பைச் சில வாரங்கள் மண்பானையில் வைத்து, நான்கு முறை நஞ்செடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துத் தயாரிப்பு பல ஆண்டுகளாக இந்தச் சங்கத்தின் நஞ்சைப் பெரிதும் நம்பியிருந்தது. ஆண்டுக்கு எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறை அனுமதி தீர்மானிக்கிறது. சங்கத்தைச் சேர்ந்த மாசி சடையனுக்கும் வடிவேல் கோபாலுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. ஒரு கிராமத்துச் சாவுப் பதிவும், வனத்துறையின் அனுமதிக் கோப்பும், மருந்துக் கம்பெனியின் குதிரை லாயமும் இப்படி ஒரே சங்கிலியில் வருகின்றன.

நல்ல கணக்கு எதைச் சாதிக்கும் என்பதற்கு நேபாளத்தின் தென்கிழக்கில் உள்ள தமக் ஊர் சாட்சி. சுற்றுவட்டாரக் கிராமங்களில் வீடு வீடாக விசாரித்தபோது, சாவுகளில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வந்து சேர்வதற்கு முன்பே நடப்பது தெரிந்தது. அப்படியானால் மருத்துவமனையில் இன்னொரு கட்டில் போடுவதால் பயனில்லை. கிராமத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர்களைத் திரட்டி, கடிபட்டவரை நடுவில் உட்காரவைத்துப் பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ள, நேரே சிகிச்சை மையத்துக்குக் கொண்டுவரப் பழக்கினார்கள். கடிபட்டவர்களில் இறப்பவர் விகிதம் 10.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காடாக இறங்கியது. மருந்து அதே மருந்துதான். எங்கே இறக்கிறார்கள் என்று தெரிந்ததுதான் புதிது.

விதி எட்டாத வீடு

கணக்கோடு பணம் சேரும்போது அது வேறு விதமாகக் கெடும். மத்தியப் பிரதேசத்தில் பாம்புக்கடியில் இறந்தவர் குடும்பத்துக்கு அரசு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் தருகிறது. 2025இல் அம்மாநிலத்தின் சிவனி மாவட்டத்தில் வெளிவந்த முறைகேட்டில், பாம்புக்கடி போன்ற இயற்கைப் பேரிடர் நிவாரணத்தின் பெயரில் 11 கோடி ரூபாய்க்கு மேல் கையாடப்பட்டிருந்தது. ஒரே பெயர் திரும்பத் திரும்ப இறந்ததாகக் காட்டப்பட்டிருந்தது. போஸ்ட்மார்ட்டத்துக்கு அஞ்சும் இடத்தில் எண் சுருங்குகிறது, நிவாரணம் கண்காணிப்பில்லாமல் புழங்கும் இடத்தில் ஊதுகிறது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: ஒவ்வொரு சாவையும் யாராவது ஒருவர் நேரில் போய் விசாரிப்பது.

இது நடைமுறைக்கு ஒவ்வாத யோசனை இல்லை. தமிழ்நாடு பேறுகாலச் சாவுகளில் இதைச் செய்துகொண்டிருக்கிறது. 1990களிலிருந்து, ஒரு தாய் இறந்தால் மருத்துவக் குழு அந்த வீட்டுக்குப் போகிறது. வலி எப்போது வந்தது, வண்டி எப்போது கிடைத்தது, எந்த மருத்துவமனையில் எவ்வளவு நேரம் காக்கவைத்தார்கள் என்று கேட்கிறது. மாவட்ட ஆட்சியர் கூட்டும் ஆய்வில் குடும்பத்தாரும் பேசுகிறார்கள். யாரைத் தண்டிப்பது என்பதைவிட எந்த இடத்தில் தாமதமானது என்பதே அங்கே கேள்வி. 2004–06இல் ஒரு லட்சம் பிறப்புக்கு 111 ஆக இருந்த தாய்மார் இறப்பு விகிதம் 2018–20இல் 54 ஆனது. அதற்கு இந்த விசாரணை மட்டுமே காரணமில்லை. ஆனால் எங்கே இரத்த வங்கி வேண்டும், எங்கே மயக்க மருந்து நிபுணர் வேண்டும் என்பது இப்படித்தான் தெரியவந்தது.

வீட்டில் இறந்தவர் பாம்பு கடித்து இறந்திருக்கலாம் என்ற ஐயம் எழும்போதெல்லாம் அதே விசாரணையை நீட்டிக்கலாம். கிராம சுகாதார செவிலியருக்கு அந்த வீடு தெரியும், வி.ஏ.ஓ.விடம் அந்தப் பெயர் இருக்கிறது. தூக்கத்தில் இறந்தவர் இளவயதினரா, தரையில் படுத்தவரா, விடியற்காலையில் வயிற்றுவலி என்றாரா, இமை சரிந்ததா என்று நான்கு கேள்வி கேட்டாலே மாரடைப்பு என்று எழுதப்பட்டவற்றில் சில கட்டுவிரியன் பக்கம் நகரும். 2024இன் அறிவிக்கை மருத்துவமனை வாசல் வரைக்கும் சட்டத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அங்கிருந்து கிராமத்து வீட்டு வாசல் வரை உள்ள தூரத்தைக் கடந்தால்தான் 43 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் அதன் முழு வடிவத்தை எழுத முடியும். அப்படி எழுதும்போது எண் பெரிதாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பதறாமல் அதற்கேற்பக் குப்பிகளை அனுப்புகிற நிர்வாகம், பிறகு அந்த எண்ணைக் குறைக்கவும் செய்யும்.